வாலஸ் என்றொரு பெயர்

முத்துக்கரை வரலாறு – 17

சென்ற இதழில் 1908 மார்ச் 12-ஆம் தேதியோடு நிறுத்தியிருந்தோம். வ.உ.சிதம்பரம் பிள்ளை, சுப்பிரமணிய சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதான நாள் அது. மறுநாள் திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன, நகராட்சி அலுவலகம் எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் மாண்டார்கள். இனி வழக்கு.

வழக்கு என்றதும் தூத்துக்குடிக்காரர் வாயில் வருவது ஒரே பெயர்தான்: பின்ஹே. நாற்பது வருஷம் போட்டவர். பள்ளிக்கூடப் புத்தகத்திலும் அவர் உண்டு, சினிமாவிலும் உண்டு. ஆனால் பின்ஹேயின் மேசைக்கு வருவதற்கு முன் அந்த வழக்கு இன்னொரு வெள்ளைக்காரரின் மேசையைத் தாண்டித்தான் வந்தது. அந்த மனிதரைப் பற்றி நம் வரலாற்று நூல்கள் இரண்டு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடும். இந்த வாரம் அந்த இரண்டு வரிக்குள் கொஞ்சம் இறங்கிப் பார்க்கலாம்.

முதலில் ஒரு கடற்கரைச் சங்கதி. அந்தக் காலத்தில் முத்துக்குளிப்புக்குப் போன தோணியில் ஆள் சேர்த்ததைப் பற்றி இத்தொடரின் ஆரம்பத்தில் எழுதியிருந்தேன். தோணியை நடத்தும் தண்டல் யார், குளியாள் யார், மேலே நின்று கயிறு பிடிப்பவர் யார் என்று பெயர் பெயராகப் பேசித்தான் தோணி புறப்படும். குளியாளின் கயிறு அவன் மைத்துனன் கையில்தான் இருக்க வேண்டும் என்பது இந்தக் கரையில் இன்றும் புழங்கும் பேச்சு. தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டான் என்பது கணக்கு. பட்டியலில் பத்துப் பெயர் இருந்தாலும் கீழே போகிறவன் விசாரிப்பது ஒரு பெயரைத்தான்.

1908-இல் தூத்துக்குடியில் இரண்டு பட்டியல்கள் எதிரெதிரே நின்றன. ஒன்று, 1906 அக்டோபர் 16 அன்று பதிவான சுதேசி நாவாய்ச் சங்கத்தின் பட்டியல். தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். செயலாளர் ஹாஜி முகமது பக்கீர் சேட். எட்டாயிரம் பங்குகளுக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்தவர். சட்ட ஆலோசகர்கள் வரிசையில் சேலம் விஜயராகவாச்சாரியார். இத்தனை கனம் பொருந்திய பெயர்களுக்குக் கீழே உதவிச் செயலாளர் என்ற சின்னப் பதவியில் வ.உ.சி. வேலை முழுவதும் அவர் தலையில். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் நாற்பதாயிரம் பங்கு, மூலதனம் பத்து லட்சம் என்று திட்டம் போட்டு, 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களை வாங்கிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நிறுத்தினார்கள் என்று எழுதிவிட்டேன். கரையில் நிறுத்த அன்று தூத்துக்குடியில் ஆழம் ஏது? கப்பல்கள் ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரமிட, தோணியிலும் சிறு படகிலும்தான் ஆளும் சரக்கும் போய்ச் சேர வேண்டும்.

இன்னொரு பட்டியல் சர்க்கார் அச்சிட்டது. அதற்குச் 'சிவில் லிஸ்ட்' என்று பெயர். சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஐ.சி.எஸ். அதிகாரிகள் அத்தனை பேரும் அதில் இருப்பார்கள்: எந்த ஆண்டு வந்தார், எந்த ஊரில் இருக்கிறார், என்ன பதவி, என்ன சம்பளம். கால்பந்து அணியின் ஆட்டக்காரர் பட்டியல் மாதிரிதான். யார் முன்னால் ஆடுவது, யார் பின்னால் காப்பது என்பது மட்டும் மாறும், அணி ஒன்றே. 1908-இல் திருநெல்வேலி ஜில்லாவுக்கான ஆட்டக்காரர்கள் என்று எடுத்தால் கலெக்டர் விஞ்ச், தூத்துக்குடி சப்-கலெக்டர் ஆஷ், கூடுதல் ஜில்லா மாஜிஸ்திரேட் வாலஸ், செஷன்ஸ் நீதிபதி பின்ஹே என்று பெயர்கள் வரும்.

இதில் ஒரு விஷயத்தை இன்றைய வாசகர் கவனிக்க வேண்டும். கலெக்டர்தான் ஜில்லா மாஜிஸ்திரேட்டும். வரி வசூலிப்பவர், போலீஸுக்கு உத்தரவிடுபவர், முதல் விசாரணை செய்யும் மாஜிஸ்திரேட்டுகளுக்கு மேலதிகாரி எல்லாம் ஒரே ஆள். நிர்வாகத்தையும் நீதியையும் பிரிக்க வேண்டும் என்று காங்கிரஸ் தன் ஆரம்ப வருஷங்களிலிருந்தே தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தது இதனால்தான். வ.உ.சி.யைக் கூப்பிட்டு மிரட்டியவர் விஞ்ச். அதைத்தான் பாரதியார், விஞ்ச் பேசுவது போல ஒன்றும் சிதம்பரம் பிள்ளை மறுமொழி சொல்வது போல ஒன்றுமாக இரண்டு பாட்டாக எழுதினார். அந்த விஞ்சின் ஜில்லாவில், அவருக்கு அடுத்த படியில் இருந்த மாஜிஸ்திரேட்டிடம்தான் வழக்கு முதலில் போனது. எதிரணியின் ஆட்டக்காரரே நடுவர்.

அப்படிப்பட்ட நடுவரைப் பற்றி வ.உ.சி. என்ன நினைத்தார்? இதற்குப் பதில் சொல்லும் முன், மாஜிஸ்திரேட்டுகளை எடைபோடுவதில் வ.உ.சி.க்கு இருந்த பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

1872 செப்டம்பர் 5-இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். தந்தை உலகநாத பிள்ளையும் வக்கீல். தூத்துக்குடியில் சவேரியார் பள்ளியிலும் கால்டுவெல் பள்ளியிலும், பிறகு திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியிலும் படித்தார். படித்ததைவிட ஆடியது அதிகம் என்று நினைக்கும்படி, சிறுவயதில் ஆடிய ஆட்டங்களைத் தம் சுயசரிதையில் வரிசையாக அடுக்கியிருக்கிறார்: சடுகுடு, சிலம்பம், நீச்சல், குதிரையேற்றம், சதுரங்கம் என்று நீளும். அந்தச் சுயசரிதையை அவர் செய்யுளாக எழுதினார் என்பதால், விளையாட்டுப் பட்டியலும் அகவலில் வருகிறது. தமிழில் வேறெந்த அரசியல் தலைவரும் கோலி விளையாடியதை யாப்பில் எழுதியதாக நான் பார்க்கவில்லை.

திருச்சியில் சட்டம் படித்து, 1894-இல் பிளீடர் பரீட்சையில் தேறி, அடுத்த ஆண்டு ஒட்டப்பிடாரத்தில் தொழில் தொடங்கினார். தந்தைக்கு உரிமையியல் வழக்குகள், மகனுக்குக் குற்றவியல். ஏழைகளுக்குக் காசு வாங்காமல் வாதாடினார். போலீஸ் ஜோடித்த வழக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. அதோடு நின்றிருந்தால் கெட்டிக்கார வக்கீல் என்று மட்டும் பெயர் வந்திருக்கும். அவரோ மாஜிஸ்திரேட் நாற்காலியையே தொட்டார். சப்-மாஜிஸ்திரேட்டுகள் மூன்று பேர் மீது லஞ்சக் குற்றச்சாட்டை நிரூபித்துக் காட்டினார். ஒரு தாலுகா ஊர் வக்கீல், தாம் தினமும் தலைவணங்கி நிற்க வேண்டிய நீதிமன்றத்தின் அதிகாரிமீதே புகார் கொண்டுபோவது அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். இன்றைக்கும் சின்னக் காரியம் இல்லை. மகன் போலீஸோடு மோதி மோதி வம்பில் மாட்டிக்கொள்வான் என்று அஞ்சிய தந்தை, 1900-இல் அவரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவைத்தார். வம்பிலிருந்து விலகியிருக்கட்டும் என்று அனுப்பிய ஊர்தான் கப்பல் கம்பெனிக்கு இடம் கொடுத்தது!

ஆக, கெட்ட மாஜிஸ்திரேட் எப்படி இருப்பார் என்பது வ.உ.சி.க்கு நன்றாகத் தெரியும். நீதிபதியின் பெயர் தீர்ப்புப் புத்தகத்தில் உருவாவதில்லை. வேப்ப மரத்தடியில் வெற்றிலை போட்டுக்கொண்டு அடுத்த வழக்குக்குக் காத்திருக்கும் வக்கீல்களின் பேச்சில் உருவாகிறது. சாட்சி சொல்வதைக் கேட்டுக் குறிக்கிறாரா, போலீஸ் கொடுத்ததைப் பார்த்துக் குறிக்கிறாரா? பத்தே வருஷ சர்வீஸ் உள்ள இளம் அதிகாரி என்றாலும் அந்த மரத்தடியில் அவருக்கு ஒரு பெயர் விழுந்துவிடும். அது அவர் ஓய்வு பெறும்வரை போகாது.

வாலஸ் நடத்தியது தீர்ப்பு விசாரணை அல்ல. 1898-ஆம் ஆண்டு குற்ற விசாரணை முறைச் சட்டப்படி, செஷன்ஸ் நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய வழக்கில் முதலில் ஒரு மாஜிஸ்திரேட் பூர்வாங்க விசாரணை நடத்துவார். குற்றவாளியா இல்லையா என்பது அவர் கேள்வியே அல்ல. மேலே அனுப்பும் அளவுக்கு முகாந்திரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் குற்றச்சாட்டு வனைந்து அனுப்ப வேண்டும். அனுப்பும்போது கைதியைப் பார்த்து, உன் பக்கம் யார் யாரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும், பட்டியல் கொடு என்று கேட்க வேண்டும். சட்டத்திலேயே இருக்கும் விதி. வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குச் சாட்சிப் பட்டியல் தயாரித்துக் கொடுத்த வக்கீல், அந்தக் கோடையில் கூண்டுக்கு உள்ளே நின்றுகொண்டு அதே மாமூல்களைப் பார்த்தார்.

வாலஸ் வழக்கை மேலே அனுப்பினார். விடுவிக்கவில்லை. இதை மறைத்து அவரை மகாத்மாவாக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் விரைவாகச் சொல்கிறேன். 1908 ஜூலை 7. ராஜத்துரோகமாகப் பேசியதற்கு இருபது ஆண்டு நாடுகடத்தல், சிவாவுக்கு இடமும் சோறும் கொடுத்து உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு இருபது ஆண்டு. சிவாவுக்குப் பத்து ஆண்டு. வ.உ.சி.க்கு அன்று வயது 35. லண்டனில் இந்திய விவகார அமைச்சர் மார்லியே இதைக் கண்டு கலங்கி, திருநெல்வேலித் தண்டனைகளை நியாயப்படுத்தவே முடியாது என்று வைஸ்ராய் மின்டோவுக்குக் கடிதம் எழுதினார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட்டும் நீதிபதி மில்லரும் மேல்முறையீட்டைக் கேட்டார்கள். குற்றம் குற்றம்தான் என்றார்கள். தண்டனையை ஆறு ஆண்டுகளாகக் குறைத்தார்கள். கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகள். கோவையில் செக்கு. 1912 டிசம்பர் 24-இல் விடுதலை.

பின்ஹேயின் பெயர் அந்த ஜூலை மாதத்திலேயே உறைந்துவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் எத்தனை வழக்குகளைக் கேட்டிருப்பார்! ஒன்றும் நினைவில் இல்லை. தொடக்கத்தில் விழுந்த பெயரிலிருந்து தப்பிக்க நீதிபதிகள் எவ்வளவு பாடுபட்டாலும் நடப்பதில்லை என்பதற்குக் கடல் கடந்தும் ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. அமெரிக்காவில் பைரன் வைட் என்பவர் 1937-இல் கொலராடோ பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் நட்சத்திரம். அமெரிக்கக் கால்பந்து என்றால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவது. நம் ஊர் ஆட்டம் அல்ல. அவர் ஓடிய வேகத்துக்குப் பத்திரிகைக்காரர்கள் 'விஸ்ஸர்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பிறகு ஆக்ஸ்போர்டில் ரோட்ஸ் உதவித்தொகையில் படித்தார், சட்டத்துக்கு வந்தார், 1962-இல் கென்னடி அவரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக்கினார். 31 ஆண்டு அந்த ஆசனத்தில் இருந்தும், 'விஸ்ஸர்' போகவில்லை. அவருக்கு அந்தப் பெயர் பிடிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும், அப்படியும் விடவில்லை.

வாலஸுக்கு வருவோம். ஐ.சி.எஸ். ஏணியில் சில வருஷம் ஏறியதும் பாதை இரண்டாகப் பிரியும்: ஒன்று கலெக்டர் வழி, மற்றது ஜட்ஜ் வழி. 1861-ஆம் ஆண்டு உயர் நீதிமன்றச் சட்டம் நீதிபதிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஐ.சி.எஸ்.காரர்களுக்கு ஒதுக்கியிருந்ததால், பாரிஸ்டர் பட்டம் இல்லாமலே ஜில்லாவிலிருந்து உயர் நீதிமன்றம்வரை போகலாம். வாலஸ் அப்படிப் போனவர். 1920-களின் சென்னைத் தீர்ப்புத் திரட்டுகளைப் புரட்டினால் 'வாலஸ், ஜே.' என்ற கையொப்பம் அடிக்கடி கண்ணில் படும்.

இங்கே ஒரு சிறு திருத்தம். வ.உ.சி.யைப் பற்றிய நூல்கள் பல, வாலஸைத் 'தலைமை நீதிபதி' என்று எழுதுகின்றன. 1921 முதல் 1924 வரை சென்னையின் தலைமை நீதிபதி வால்டர் ஷ்வாபே. அடுத்து 1929 வரை மர்ரே கூட்ஸ் டிராட்டர். இவர்களுக்கு முன்னால், 1914 முதல் 1921 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் பெயர்தான் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன்: சர் ஜான் வாலிஸ். ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு ஆள். தமிழில் எழுதும்போது வாலிஸ், வாலஸ், வாலேஸ் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போல ஆகிவிடுகின்றன. நம் கதாநாயகர் ஈ.எச்.வாலஸ்.

விடுதலையான வ.உ.சி.க்கு வீடு திரும்பியும் வாசல் திறக்கவில்லை. கப்பல் கம்பெனி அவர் சிறையில் இருக்கும்போதே நொடித்துப்போனது. வக்கீல் தொழிலுக்கான உரிமமான சன்னதும் போயிற்று. 1879-ஆம் ஆண்டு வக்கீல்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, நடத்தைக் குறைபாட்டைக் காட்டும் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட பிளீடரை நீக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்திருந்தது. ராஜத்துரோகம் நடத்தைக் குறைபாடா? பொய்க் கையெழுத்துப் போட்டவனும் பணம் கையாடியவனும் ஒரு வகை. சர்க்காரை எதிர்த்துப் பேசியவன் அதே வகையா? இந்தக் கேள்விக்கு அன்று தெளிவாகப் பதில் சொல்ல யாருக்கும் அவசரமில்லை. சொல்ல வேண்டிய அவசரம் இருந்தது ஒருவருக்குத்தான். அவர் சென்னையில் சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர், மயிலாப்பூர் என்று வாடகை வீடு மாறிக்கொண்டிருந்தார். அரிசி விற்றார், நெய் விற்றார். தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று காந்தியிடம் கொடுத்துவைத்த 347 ரூபாய் 12 அணாவுக்காக 1915-இலும் அடுத்த ஆண்டும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். பத்து லட்சம் மூலதனத்துக்குப் பங்கு விற்ற கை, பன்னிரண்டு அணாவையும் சேர்த்துக் கணக்குக் கேட்டது.

1920-இல் கல்கத்தா சிறப்பு மாநாட்டுக்குப் பிறகு காங்கிரஸிலிருந்து விலகினார். ஒத்துழையாமையில் அவருக்கு நம்பிக்கை இல்லை. இதில் ஒரு விநோதம் உண்டு. நாடெங்கும் பெரிய பெரிய வக்கீல்கள் கறுப்பு அங்கியைக் கழற்றி எறிந்துகொண்டிருந்த நேரம் அது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே தேசத்துக்காக அங்கியைப் பறிகொடுத்தவர், அதை எனக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார். கேலி செய்தவர்களும் இருந்திருப்பார்கள். வயிறும் குடும்பமும் இருக்கிறவனுக்கு அங்கி ஒரு தொழில். கழற்றுவதற்கு மாற்றுச் சட்டை வேண்டும்.

கொடுக்க உதவியவர் வாலஸ். 1908-இல் வ.உ.சி.யைக் கூண்டில் நிற்க வைத்து வழக்கைக் கேட்ட அதே மனிதர்தான், இப்போது உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து சன்னது திரும்பக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றியில் வ.உ.சி. தம் கடைசி மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.

இந்தப் பெயரைக் கொஞ்சம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வாலஸும் ஈஸ்வரனும் ஒட்டுவது தெரியாமல் ஒட்டியிருக்கிறது. வாலீசுவரர் என்று சிவன் கோயில்கள் நம் நாட்டில் உண்டு. கேட்பவர் அதுதான் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். பிள்ளைமார் வீட்டில், சைவ சித்தாந்தம் தெரிந்தவர் வீட்டில், சிவஞான போதத்துக்கு உரை எழுதியவர் வீட்டில், ஓர் ஆங்கிலேயனின் பெயர் சைவப் பெயராக உலவியது. யாப்பு தெரிந்தவர் செய்யக்கூடிய காரியம்.

நன்றிக்காக மட்டும் வைத்த பெயர் என்று எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. ஆனால் எனக்கு அது போதவில்லை. மூன்று மாஜிஸ்திரேட்டுகளின் லஞ்சத்தை நிரூபித்த ஆள், சலுகை செய்தவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைத் தினமும் அந்தப் பெயரால் கூப்பிட ஒப்புவாரா? தம்மை மேல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்த ஒரு மாஜிஸ்திரேட்டை, கூண்டுக்குள்ளிருந்து அவர் வக்கீல் கண்ணோடு பார்த்திருக்கிறார். பார்த்தது அவ்வளவு மோசமாக இருந்திருந்தால் பதினைந்து ஆண்டு கழித்து வந்த உதவி அதை அழித்திருக்காது என்றே நினைக்கிறேன். சிறையில் தமக்குத் தொல்லை கொடுத்தவர்களைப் பெயர் சொல்லியே எழுதியவர் அவர். மறக்கிற சுபாவம் இல்லை.

விமரிசனத்துக்கும் இடமுண்டு. வெள்ளை நீதிபதிக்கு இவ்வளவு நன்றியா என்று முகம் சுளிப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். சன்னதைப் பறித்ததும் அவர்கள் நீதிமன்றம், கொடுத்ததும் அவர்கள் நீதிமன்றம்; எடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததற்கு என்ன பாராட்டு என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம். வ.உ.சி. அந்த வாதத்தை அறியாதவர் அல்ல. அவருக்குத் தெரிந்தது, நீதிமன்றம் என்பது வேறு, அதில் உட்காரும் ஆள் வேறு என்பது. ஒட்டப்பிடாரத்திலேயே தெரிந்துகொண்டது.

சன்னது கிடைத்ததும் அவர் கோவில்பட்டியில் வீடு எடுத்தார். 1932-இல் தூத்துக்குடிக்கே திரும்பும்வரை அங்கேதான் தொழில். அன்று கோவில்பட்டியிலிருந்து தூத்துக்குடிக்கு வர மணியாச்சியில் வண்டி மாற வேண்டியிருந்தது. 1911 ஜூன் 17 காலையில், சிவில் லிஸ்டில் வாலஸோடு அடுத்தடுத்த படிகளில் ஏறிக்கொண்டிருந்த ஆஷ், அதே சந்திப்பில் ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் வாஞ்சிநாதனின் துப்பாக்கி வெடித்தது. வ.உ.சி. அப்போது கண்ணனூர்ச் சிறையில் இருந்தார். இப்போது அந்த நடைமேடையில் தூத்துக்குடி வண்டிக்காக அவர் எத்தனை முறை காத்துக்கொண்டு நின்றிருப்பார்! கையில் வழக்குக் கட்டு, பெட்டியில் மடித்துவைத்த கறுப்பு அங்கி.

(தொடரும்)